கோடி வீட்டுக்குக் கேட்ட பட்டிமன்றம்

2018 சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பட்டிமன்றம் வைத்தோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஊர். பேருந்துப் பலகையில் மலையாளம், திண்ணையில் கொங்குத் தமிழ். அதற்குச் சில வாரம் முன்னால், மார்ச் 9ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது: கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமைக்குள் அடங்கும். செய்தித்தாளெல்லாம் அதே பேச்சு. தலைப்புக்கு நாங்கள் சிரமப்படவில்லை. ‘தீராத நோய்க்காரருக்கு விடை கொடுப்பது கருணையா, கொலையா?’ பக்கத்துக்கு மூன்று பேர். நடுவர் பொள்ளாச்சிக்காரர். பேசியவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது தமிழ் ஆசிரியராக இருந்தேன்.

குழாய் ஒலிபெருக்கியை ஒரு பனையில் கட்டியிருந்தார்கள். அதன் வாய் நேராகக் கோடி வீட்டைப் பார்த்திருந்தது. அங்கே மாமா படுத்திருந்தார். சொந்த மாமா இல்லை, முறைக்கு மாமா. முப்பது வருஷம் பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்கியவர். தொண்டையில் புற்று. கோயமுத்தூரில் காட்டி, கரண்ட் வைத்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மாசி மாதமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதைத் ‘தொண்டைப் புண்’ என்றே சொல்லிவந்தோம். அவர் காதுபடப் பேசும்போது மட்டுமல்ல, எங்களுக்குள் பேசும்போதும் அப்படித்தான்.

மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் அந்தப் பக்கமாகப் போனேன். கைகாட்டிக் கூப்பிட்டார். குரல் போயிருந்தது, காற்றுத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அன்னிக்கு ராத்திரி கடைசியாப் பேசுன அம்மிணி, வலிக்கு மருந்து இருக்குது, அதைக் குடுத்தா சாவு கேக்கறவனும் கேக்க மாட்டான்னு சொல்லுச்சுங்களே மாப்ளெ... அந்த மருந்து எங்க கெடைக்குது?”

அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். ஒரு வாரப் பத்திரிகையில் படித்தது. மருந்து எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதும்போது தோன்றவும் இல்லை. கைதட்டு வாங்கும் வரி என்பது மட்டும் தெரிந்திருந்தது.

விசாரித்தேன். இரண்டே நாளில் மருந்து வந்தது. பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸ் வீடு தேடி வந்தார், டாக்டரிடம் பேசினார், மார்பின் மாத்திரை எழுதி வாங்கித் தந்தார். காசு கேட்கவில்லை. இரண்டு நாளில் வரக்கூடிய ஒன்றுக்காக அந்த மனிதர் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதப்போவதில்லை. தமிழ் இரண்டு சொல் தந்திருக்கிறது. ‘நாம்’ என்றால் படிக்கிறவரும் உள்ளே வந்துவிடுவார், பழி எல்லோர் மேலும் பரவி ஒருவர் மேலும் நிற்காமல் போகும். ஆகவே ‘நாங்கள்’. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்ததாலேயே நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர்கள் நாங்கள். பள்ளி ஆசிரியர்கள், வாசகசாலைக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், கவிதை எழுதுகிறவர்கள். குற்றம் எங்களுடையது.

நாங்கள் வாழ்வது எந்த மாநிலம் என்பதை யோசித்தால் குற்றம் இன்னும் கனக்கிறது. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து, குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சிறு கழகம் தொடங்கினார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மலப்புறம் பக்கத்தில் ஊரார் இயக்கமாக மாறியது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் தெருவின் நோயாளியைத் தாங்களே பார்த்தார்கள். 2008ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக ஏற்றது. இந்தியாவில் அப்படி ஒரு கொள்கை வகுத்த முதல் மாநிலம் இது. 2010ல் எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று தரவரிசை போட்டபோது இந்தியா கடைசி, நாற்பதாவது இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியாக எடுத்துக் காட்டியது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள மாநிலம், நாட்டின் வலி தணிப்புச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றது. 2022ல் லான்செட் மருத்துவ இதழின் குழு மரணத்தைப் பற்றி அறிக்கை எழுதியபோதும் உலகத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கேரளத்தைத்தான் சொன்னது.

அந்தக் கேரளத்துக்குள்தான் கோடி வீடும் இருக்கிறது.

மலப்புறத்தில் ஆட்டோ ஓட்டுநர் செய்ததை எங்கள் ஊரில் தமிழாசிரியர் செய்யவில்லை. அது மலையாளிகளின் காரியம் என்று நாங்கள் ஒதுங்கியிருந்தோம். எங்களுக்கு வேறு போராட்டம் இருந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே பெறலாம் என்கிறது. அந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எத்தனை மனு எழுதியிருக்கிறோம்! பேருந்தில் தமிழ்ப் பலகை வேண்டும், தேர்வு வினாத்தாள் தமிழில் வேண்டும், கிராம அலுவலகப் படிவம் தமிழில் வேண்டும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள், இன்றும் கேட்பேன். ஆனால் பழைய மனுக் கட்டுகளை அண்மையில் அவிழ்த்துப் பார்த்தேன். சாகக் கிடக்கிறவரைத் தமிழில் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அதன் விலை என்ன என்பதை இடுக்கியில் அறிந்தோம். தேவிகுளம் வட்டத்தில் ஒரு எஸ்டேட் லயம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கல்யாணமாகி மலையேறி வந்த பாட்டி, ஆயுசெல்லாம் கொழுந்து எடுத்தவர். கர்ப்பப்பையில் புற்று. பாலியேட்டிவ் நர்ஸ் ஜீப்பிலும் நடையிலுமாக அந்த மேட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “வேதனயுண்டோ அம்மச்சி?”

பாட்டி சொன்னார்: “வேதனை இல்லாத மனுசி ஒலகத்துல யாரு இருக்கா தாயி? எல்லாம் பழகிப்போச்சு.”

மலையாளத்தில் வேதன என்றால் உடல் வலி. தமிழில் வேதனை என்றால் மனத்தின் துயரம். நர்ஸ் புண்ணைக் கேட்டார், பாட்டி வாழ்க்கையைச் சொன்னார். நோட்டில் வலி பொறுக்கும் அளவில் என்று பதிவானது. ராத்திரியானால் அதே பாட்டி “குறுக்கு ஒடியுதே, ஒடியுதே” என்று சுவரில் முட்டிக்கொண்டார். நர்ஸ் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் வந்தார், கேட்டார், கையைப் பிடித்தார். பக்கத்திலேயே நின்றவர் பாட்டியின் அண்ணன் மகன். எங்கள் சங்கத்தில் ஒருவர், இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவர், கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளராகவே நிற்பவர். “நோவு இருக்கான்னு கேக்காங்க அத்தை” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது மொழிபெயர்க்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் என்னிடம் இதைச் சொல்லி அழுதபோது, அவரிடத்தில் நான் நின்றிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, விண்விண் என்கிறது, சுள்ளென்று இழுக்கிறது, மரத்துப்போகிறது. வலிக்குத் தமிழில் எத்தனை சொல்! ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். எரிகிற வலிக்கு ஒரு மருந்து, குடைகிற வலிக்கு வேறு மருந்து. இந்தச் சொற்களை வகுப்பில் வினைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாக எழுதிப் போட்டிருக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோனதில்லை.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. போடிமெட்டு இறங்கினால் தேனி மருத்துவக் கல்லூரி, அதைத் தாண்டினால் மதுரை. மறையூர்க்காரர் உடுமலைக்குப் போவார். குமுளிக்காரர் கம்பத்துக்குப் போவார். சிலர் கோட்டயம் போவார்கள். ஒரு நோயாளியின் காகிதங்கள் இரண்டு மாநிலத்தில் கிடக்கும். மருந்துச் சீட்டு ஓரிடம், ஆள் ஓரிடம். வேலை முடிந்து லயத்தைக் காலி செய்துகொண்டு நெல்லை, விருதுநகர்ப் பக்கம் திரும்புகிற முதியவரை மலைமேல் யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஊரில் அவருக்கு வேர் இல்லை. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சை தருகிறது. மேலே ஒரு கை இருக்கிறது, கீழே ஒரு கை இருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஆளைச் சேர்க்க வேண்டியது இரண்டு பக்கமும் உறவும் மொழியும் உள்ள நாங்கள்தான். ஒரு கடிதம், ஒரு போன். அதைச் செய்யவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். நாங்கள் ஓடினோம். கொட்டுகிற மழையில் சோறு கொண்டுபோனோம், துணி திரட்டினோம், இரங்கல் கவிதை எழுதினோம். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒரே இரவில் செத்தவர்களுக்காக ஓடிய கால்கள், ஆறு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்கு அடுத்த லயத்தில்கூடப் போகவில்லை. சட்டென்று வரும் சாவு எங்களைக் கூட்டுகிறது. மெல்ல வரும் சாவைக் கண்டால் நாங்கள் கலைந்துபோகிறோம்.

தலைக்கூத்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலைக்கு வந்த குடும்பங்களில் பலவற்றின் பூர்விகம் அந்தச் சொல் புழங்கிய தென்மாவட்டங்கள்தான். படுத்த படுக்கையான முதியவரை வீட்டாரே ‘அனுப்பிவைக்கிற’ வழக்கம். 2010ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் வீட்டார் பேசிக்கொண்டது காதில் விழுந்து ஓடித் தப்பியபோது நாடே அதைப் பேசியது. பிறகு ‘பாரம்’ படம் வந்தது, தேசிய விருது வாங்கியது. ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரிலேயே 2023ல் ஒரு படம் வந்தது. நாங்கள் திரையிட்டோம், கண் கலங்கினோம், கொடுமை என்று பேசினோம். கொடுமைதான். சாகிறவரை ஒருவரும் கேட்காமல் அவர் சாவை மற்றவர் முடிவுசெய்வது கொலையே, எந்தப் பெயர் வைத்தாலும்.

ஆனால் அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது என்று நாங்கள் பேசவில்லை. படுக்கைப்புண்ணைக் கழுவக் கற்றுக்கொடுக்க ஆளில்லை, வலிக்கு மாத்திரை இல்லை. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பு எரியாத வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மகள் வேலையை விட்டாள். வசதி ஒன்றுமில்லாத இடத்தில்தான் அந்த வழக்கம் வளர்ந்தது. அதைக் கண்டித்த எங்கள் கையும் வெறுங்கைதான். கேட்காமல் அனுப்பிவைத்தது அவர்கள் தவறு. கேட்காமல் பிடித்து வைத்தது எங்கள் தவறு. நான் பட்டிமன்றத்தில் கண்ட இரண்டு பக்கமும் உண்மையில் ஒரே பக்கம். இரண்டிலும் நோயாளிக்கு வாய் இல்லை.

மாமாவிடம் திரும்புகிறேன். மார்பின் வந்ததும் அத்தை கொடுக்க மாட்டேன் என்றார். போதை மருந்து, கொடுத்தால் ஆள் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் அத்தைக்கு மட்டும் உரியதல்ல. 1985ன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் மருத்துவமனைகளே மார்பினைத் தொடப் பயந்தன. 2014ல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தச் சிக்கலைத் தளர்த்தினார்கள். நோயாளிக்குத் தேவையான அளவில், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் மார்பின் ஆளைக் கொல்லாது என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். நான் பக்கத்திலிருந்து தமிழில் சொன்னேன். ஆசிரியராக நான் செய்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று. தாமதமாகச் செய்தது.

அன்றிரவு மாமா தூங்கினார். மூன்றாம் நாள் நீராகாரம் கேட்டார். பேச்சு கொஞ்சம் திரும்பியது. எந்தப் பனை எப்போது பாளை விடும், எந்தத் தென்னையை யாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அத்தையிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டிமன்றத்து வரி உண்மையாகிவிட்டது என்று நினைத்தேன். வலி போனால் சாவு கேட்க மாட்டான்.

ஒரு மாலை அவர் சொன்னார்: “வலி இல்லைங்க மாப்ளெ. ஆனாப் போதுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்படியெல்லாம் பேசக்கூடாது மாமா.”

அவர் இன்னொன்றும் சொன்னார். “மூக்குல கொழாய் வேண்டாம். இந்தத் திண்ணைய உட்டு எங்கியும் வேண்டாம்.” அதற்கும் சரி சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பொருள் என்ன என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டேன் என்றும் பொருளில்லை, செய்வேன் என்றும் பொருளில்லை. பேச்சை மாற்றலாம் என்று பொருள்.

ஆனி மாதம் மூச்சு திணறியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ராத்திரியோடு வந்தான். ‘கடைசியில் ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை’ என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தூக்க ஆள் வேண்டியிருந்தது. தூக்கினவர்களில் நானும் ஒருவன். அவர் என் கையைத்தான் பார்த்தார். கோயமுத்தூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள், மூக்கில் குழாய், வாயில் குழாய், கையைக் கட்டி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டது நாங்கள், மருத்துவமனை அல்ல. ஐந்தாம் நாள் விடியுமுன் உயிர் போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 9 தீர்ப்பைப் பற்றி ஆறு பேருக்குக் குறிப்பு எழுதியவன், அந்தத் தீர்ப்பு கோடி வீட்டுக்கு எழுதப்பட்டது என்று அறியவில்லை. இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது என்பதை இப்போதாவது எளிய தமிழில் எழுதிவிடுகிறேன். மும்பையில் 1973ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு உணர்விழந்த செவிலியர் அருணா ஷான்பாக், 42 ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பெயரில் வந்த வழக்கில்தான் 2011ல் உச்ச நீதிமன்றம், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையைக் கடும் நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்றது. 2018 தீர்ப்பு அதை உரிமையாக்கியது. பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும், ‘நான் பேச முடியாத நிலையில், மீளும் வழியும் இல்லாதபோது, எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் அதில் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. எங்களைப் போன்ற ஊர்க்காரருக்கு அது எட்டாத படி. 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று போதும். தமக்காக முடிவெடுக்க நம்பிக்கையான ஆளின் பெயரை எழுத வேண்டும். ஒரு பிரதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். அந்த நிலை வரும்போது மருத்துவமனையில் ஒரு மருத்துவர் குழு பார்க்கும், அதை இரண்டாவது குழு சரிபார்க்கும். அதன் பிறகே சிகிச்சை நிற்கும். வலி தணிப்பு மட்டும் எந்த நிலையிலும் நிற்காது.

சட்டம் தராததும் உண்டு. கேட்டுக்கொண்டாலும் மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். அப்படி முடிப்பது சரியா என்பதுதான் பட்டிமன்றத்தின் கேள்வி. அமெரிக்காவின் ஒரேகானில் 1997 முதலும், நெதர்லாந்தில் 2002 முதலும், கனடாவில் 2016 முதலும் வெவ்வேறு விதிகளோடு மருத்துவர் உதவியால் உயிரை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. எட்டு ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பேன், இரண்டு பக்கமும். இன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரேகானில் சாக விரும்புகிறவர் தானே வாய்விட்டுக் கேட்க வேண்டும், ஒருமுறைக்கு மேல் கேட்க வேண்டும், எழுதியும் தர வேண்டும். இரண்டு மருத்துவர்கள் காது கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் நல்லதோ கெட்டதோ, அதன் நடுவில் ஒரு மனிதரைக் கேட்பது இருக்கிறது. மாமா என்னிடம் ‘போதும்’ என்றபோது, சட்டம் அவருக்கு எதைத் தந்திருக்கும், எதைத் தந்திருக்காது என்பதல்ல என் குற்றம். ஏன் போதும் என்று நான் கேட்கவில்லை. பணம் செலவாகிறதே என்றா? அத்தை படும் பாட்டைப் பார்த்தா? மூச்சுமுட்டிச் சாவோம் என்ற பயமா? அல்லது வாழ்ந்து முடித்தவனின் நிறைவா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. செலவென்றால் கணக்குப் பார்த்திருக்கலாம். பயமென்றால் நர்ஸ் பேசியிருப்பார். நிறைவென்றால் தலை வணங்கியிருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

வலி தீர்ந்த பிறகும் போதும் என்று சொல்லும் மனிதர்கள் இருப்பார்கள் என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களைப் பைத்தியம் என்றோ கோழை என்றோ சொல்ல எனக்கு இனி வாய் வராது. அதே சமயம், வலிக்கு மாத்திரையும் கழுவிவிட ஆளும் பேச்சுத்துணையும் இல்லாத ஊரில் சாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் கொண்டுபோய் வைத்தால், அது ஏழையைத் தள்ளிவிடும் கையாகிவிடும் என்றும் அஞ்சுகிறேன். தேர்வு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கதவு திறந்திருக்க வேண்டும்.

எங்கள் மேடைகளில் வடக்கிருத்தல் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உறையூரை விட்டு வந்து ஆற்றங்கரையில் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் கதையை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! சாவைத் தானே தேர்ந்த தமிழ் மன்னன் என்று பெருமை பேசினேன். அந்தக் கதையில் நான் வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடம் உண்டு. பாண்டிநாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் விடுங்கள் என்று மன்னன் சொன்னான். அவரும் வந்தார். மன்னன் எப்படிச் செத்தான் என்பதையே இத்தனை காலம் வியந்துகொண்டிருந்தோம். சாகிறவர் பக்கத்தில் ஒருவருக்கு இடம் இருந்தது, அந்த இடத்துக்கு ஒருவர் வந்தார். நாங்கள் படித்திருக்க வேண்டியது அதை. கோடி வீட்டுத் திண்ணையிலும் அப்படி ஓர் இடம் காலியாகத்தான் கிடந்தது.

ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது என்று தெரிகிறது. நாங்கள் சிலர் பாலியேட்டிவ் நர்ஸோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்குப் போகிறோம். மருந்து எங்கள் வேலையில்லை, மொழிதான் வேலை. மலையிலும் அந்த அண்ணன் மகன் இப்போது போகிறார். “வேதனயுண்டோ” என்ற கேள்வி வந்ததும் “எங்க நோவுது, எப்படி நோவுது” என்று கேட்கிறார். நோய் என்ன என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா, எது பயமாக இருக்கிறது, எங்கே இருக்க விரும்புகிறீர்கள், பேச முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று நாலு கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். அதுதான் கடினமாக இருக்கிறது. மேடையில் பழகியவர்களுக்கு மௌனம் எளிதில் வருவதில்லை.

போன மாசியில் அத்தை, சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அந்தக் காகிதத்தைத் தனக்கு எழுதித் தரச் சொன்னார். வயசு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. மூக்கில் குழாய் வேண்டாம், திண்ணையை விட்டு எங்கும் வேண்டாம் என்று முதல் வரியாக எழுதச் சொன்னார். மாமா சொன்ன அதே சொற்கள். நான் வாசித்துக் காட்டினேன். சித்தூரில் நோட்டரி முன்னால், மூன்றாம் வகுப்பில் விட்ட எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“இத அவருக்கும் எழுதியிருக்கலாமில்லீங்க தம்பி?”

எழுதியிருக்கலாம் அத்தை.